ரத்த உறைவு தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பல் எடுக்கும்போது

வார்ஃபரின், அபிக்ஸபான், குளோபிடோக்ரெல் என்று ஏதோ ஒன்றைச் சாப்பிடும் நோயாளி பல் எடுக்க வந்தால், "அஞ்சு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தவறான ஆலோசனை. பல் எடுத்த குழி கண்ணுக்குத் தெரியும் இடத்தில், விரல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அழுத்தலாம், தைக்கலாம், மருந்து வைக்கலாம். மாத்திரையை நிறுத்தியதால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயிலோ இதய ஸ்டென்டிலோ செயற்கை வால்விலோ ரத்தக்கட்டி உருவானால், பல் மருத்துவர் அதற்கு எதுவும் செய்ய முடியாது. அதனால் இங்கே சொல்லியிருப்பது எல்லாம் மாத்திரை தொடரும்போதே ரத்தத்தைக் குழியிலேயே நிறுத்துவது எப்படி என்பதைப் பற்றித்தான்.

இது பல் மருத்துவர்களுக்கும், பயிற்சியில் இருப்பவர்களுக்கும், உதவியாளர்களுக்கும் எழுதியது. நோயாளிகளும் படிக்கலாம். ஆனால் எந்த மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

"ரத்தம் மெலிசாக ஒரு மாத்திரை சாப்பிடுறேன்" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொழுப்பு மாத்திரையோடு ஒரே கேப்ஸ்யூலில் சேர்ந்து வருவதுண்டு. நோயாளி அதைக் கொழுப்பு மாத்திரை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார், கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்.

மூன்று வகைகள் இருக்கின்றன. வார்ஃபரினும் அசெனோகூமராலும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, 2, 7, 9, 10 ஆகிய உறைதல் காரணிகளைக் குறைக்கின்றன. இவை எவ்வளவு வேலை செய்கின்றன என்பது ஐஎன்ஆர் பரிசோதனையில் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தை இயல்பான நேரத்தோடு ஒப்பிடும் எண்) தெரியும். இரண்டாவது வகை, நேரடியாக ஒரே காரணியைத் தடுக்கும் புது மாத்திரைகள்: டாபிகாட்ரான் த்ராம்பினைத் தடுக்கிறது, அபிக்ஸபான், ரிவராக்ஸபான், எடாக்ஸபான் மூன்றும் 10ஆம் காரணியைத் தடுக்கின்றன. இவற்றுக்கு ஐஎன்ஆர் பார்த்துப் பயனில்லை. எண் சாதாரணமாக இருக்கும்போதே மருந்து முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கலாம். மூன்றாவது வகை தட்டணுக்களை (பிளேட்லெட்) ஒட்டவிடாமல் செய்யும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், பிரசுக்ரெல், டிகாக்ரெலார்.

எதற்காகச் சாப்பிடுகிறார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இதயத் துடிப்பு சீரில்லாததற்கா, காலில் ரத்தம் கட்டியதற்கா, உலோக வால்வுக்கா, ஸ்டென்டுக்கா? ஸ்டென்ட் என்றால் வைத்த தேதி வேண்டும். ரத்தக்கட்டி என்றால் கடைசியாக எப்போது வந்தது என்று தெரிய வேண்டும். மூன்று மாதத்துக்குள் கட்டி வந்தவருக்கும், சில மாதங்களுக்குள் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. வலியும் சீழும் இருந்தால் மட்டும் தேவையான அளவுக்குச் செய்யுங்கள்.

பிறகு ரத்தப்போக்கைக் கூட்டும் மற்றவை: சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் நோய், தொடர்ந்து மது, கீமோதெரபி, தட்டணுக் குறைவு, தானாக வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை, மீன் எண்ணெய், பூண்டு அல்லது ஜிங்கோ மாத்திரை. முன்பு பல் எடுத்தபோது எவ்வளவு நேரம் ரத்தம் வந்தது என்று மறக்காமல் கேளுங்கள். ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் அன்று பல்லைத் தொட வேண்டாம். அந்த அழுத்தத்தில் எந்தக் கட்டியும் குழியில் நிற்காது.

எந்த வேலைக்கு எவ்வளவு கவனம்

பல் அடைப்பது, வேர் சிகிச்சை, அளவெடுப்பது, ஈறுக்கு மேலே சுத்தம் செய்வது ஆகியவற்றுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை. ஒன்று முதல் மூன்று பற்களைச் சாதாரணமாக எடுப்பது, சீழைக் கீறி வெளியேற்றுவது, ஈறுக்குக் கீழே வேரைச் சுத்தம் செய்வது ஆகியவை குறைந்த ஆபத்துள்ளவை. மாத்திரையைத் தொடரவிட்டே செய்யலாம். மூன்றுக்கு மேற்பட்ட பற்கள், ஈறைப் பிளந்து எலும்பைக் குறைத்து எடுப்பது, இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்), சதைத் துண்டெடுத்துப் பரிசோதிப்பது ஆகியவற்றுக்குத் திட்டம் போட்டுத்தான் உட்கார வேண்டும்.

பத்துப் பல் எடுக்க வேண்டியவருக்கு முதல் நாளில் ஒரே ஒரு பல்லை எடுங்கள். அந்தக் குழி எப்படி ஆறுகிறது என்று பார்த்துவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பரிசோதனையையும்விட அந்த முதல் குழி அதிகம் சொல்லும்.

வார்ஃபரின், அசெனோகூமரால்

ஐஎன்ஆர் 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் எண் நிலையாக இருப்பவருக்கு 72 மணி நேரம் வரை ஏற்கலாம். போன மாதத்து அறிக்கை எதற்கும் உதவாது. உணவு மாறினாலே, ஒரு ஆன்டிபயாடிக் சேர்ந்தாலே எண் மாறிவிடும்.

ஐஎன்ஆர் 4-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல் பல்லை எடுக்கலாம். 4 அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிவையுங்கள், மாத்திரை எழுதிய மருத்துவருக்குத் தகவல் கொடுங்கள். எண் 2-க்குக் கீழே இருந்தால் வேலை சுலபம் என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். அவருக்கு மாத்திரை போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று அர்த்தம். அதையும் மருத்துவருக்கு எழுதுங்கள், குறிப்பாக உலோக வால்வு உள்ளவருக்கு.

வார்ஃபரினை நிறுத்தி அந்த இடைவெளிக்கு ஹெப்பாரின் என்ற உறைவு தடுக்கும் ஊசி போடும் பழைய முறையும் இங்கே தேவையில்லை. 2015-இல் வெளியான பிரிட்ஜ் ஆய்வில், துடிப்புச் சீர்கேட்டுக்காக வார்ஃபரின் சாப்பிட்டவர்களுக்கு அறுவை சிகிச்சைக்காக மாத்திரையை நிறுத்தியபோது, ஊசி போட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்குப் பெரிய ரத்தப்போக்கு ஏற்பட்டது, போடாதவர்களில் 1.3 சதவீதம். பக்கவாதம் போன்ற கட்டி அடைப்போ இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 0.3, 0.4 சதவீதம். ஊசியால் ரத்தப்போக்கு கூடியது, பாதுகாப்பு கூடவில்லை.

உலோக வால்வு உள்ளவருக்கு இன்னொன்று சேர்கிறது: இதய உள்ளுறைத் தொற்றைத் தடுக்க, பல் எடுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரே தடவை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அஸித்ரோமைசின் 500 மில்லிகிராம்.

புது மாத்திரைகள்: இங்கே எல்லாம் கடிகாரம்தான்

இந்த மருந்துகள் விழுங்கிய 2 முதல் 4 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகும். காலை 8 மணிக்கு மாத்திரை போட்டவருக்கு 10 மணிக்குப் பல் எடுத்தால், மருந்தின் உச்சத்தில் குழியைத் திறக்கிறீர்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டு, நேரத்தோடு குறிப்பில் எழுதுங்கள்.

குறைந்த ஆபத்துள்ள வேலைக்கு மாத்திரையில் மாற்றம் வேண்டாம். அதிக ஆபத்துள்ளதற்கு அன்று காலை மட்டும் ஒரு சிறு மாற்றம் போதும். தினம் இருமுறை போடும் அபிக்ஸபான், டாபிகாட்ரானுக்குக் காலை மாத்திரையை விட்டுவிட்டு, மாலை மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடச் சொல்லுங்கள். தினம் ஒருமுறை காலையில் போடும் ரிவராக்ஸபான், எடாக்ஸபானை அன்று தள்ளிப்போட்டு, ரத்தம் நின்று 4 மணி நேரம் கழித்துப் போடச் சொல்லுங்கள். அதையே மாலையில் போடுபவருக்கு மாற்றமில்லை. எதுவானாலும் ரத்தம் நின்று 4 மணி நேரத்துக்கு முன் அடுத்த மாத்திரை கூடாது. எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயில் காஸை (மருத்துவ வலைத்துணி) வைத்துக்கொண்டு கேட்டதை யாரும் வீட்டுக்குப் போய் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

சிறுநீரகம் பலவீனமாக இருப்பவரிடம் இந்தக் கணக்கு பொய்க்கும். டாபிகாட்ரானில் சுமார் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) கூடியவருக்கு அதிக ஆபத்துள்ள வேலை என்றால் அவருடைய மருத்துவரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல்

தனியாகவோ இரண்டும் சேர்ந்தோ எடுத்தாலும் நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தொட்ட தட்டணு அதன் ஆயுள் முடியும்வரை, 7 முதல் 10 நாள், மீளாது. ஆகவே நேற்று ஒரு நாள் நிறுத்தியதால் இன்று குழிக்கு எந்த நன்மையும் இல்லை. ஸ்டென்டுக்கு மட்டும் ஆபத்து. இரண்டும் சேர்ந்து சாப்பிடுபவரிடம் ரத்தம் நிற்க நேரம் கூடும் என்று எதிர்பார்த்து, ஒரு தடவைக்கு எடுக்கும் பற்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வார்ஃபரின் அல்லது புது மாத்திரையோடு தட்டணு மாத்திரையும் சேர்ந்திருப்பவருக்கு, மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

மருத்துவருக்கு என்ன எழுதுவது

"இவருக்குப் பல் எடுக்கலாமா?" என்று மட்டும் எழுதினால் "மாத்திரையை 5 நாள் நிறுத்தவும்" என்ற பதில்தான் வரும். இதய மருத்துவர் பல் எடுப்பதைப் பெரிய அறுவை சிகிச்சையாக எண்ணிக்கொள்ளக்கூடும். இப்படி எழுதுங்கள்: "மரத்துப்போகும் ஊசியில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்கவிருக்கிறோம். தையல், உறைதல் மருந்து, டிரானெக்ஸாமிக் கொப்பளிப்பு பயன்படுத்துவோம். மாத்திரையைத் தொடரும் எண்ணத்தில் இருக்கிறோம். இதில் தங்களுக்கு மாற்றுக் கருத்து உண்டா? சமீபத்திய ஐஎன்ஆர், கிரியேட்டினின் அளவைத் தெரிவிக்கவும்." கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும். (டிரானெக்ஸாமிக் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறது.)

நாளும் நேரமும்

வாரத்தின் தொடக்கத்தில், காலை வேளையில் வையுங்கள். ரத்தம் மறுபடி கசிவது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்தான். வெள்ளி மாலை எடுத்த பல் சனி இரவு கசிந்தால், கிளினிக் பூட்டியிருக்கும்.

மரத்துப்போகும் ஊசி

லிடோகெய்ன் 2 சதவீதம், அட்ரினலின் 1:80,000 சேர்ந்தது போதும். இதய நோயாளிக்கு அட்ரினலின் மொத்தம் 0.04 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். இந்தக் கரைசலில் அது ஏறக்குறைய 3 மில்லி. பல்லைச் சுற்றிப் போடும் ஊசியும், பல்லுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள தசைநாரில் போடும் ஊசியும் முதல் தேர்வு. கீழ்த்தாடை நரம்பை மொத்தமாக மரக்க வைக்கும் ஊசி தவிர்க்க முடியாவிட்டால், பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, மெதுவாகப் போடுங்கள். அங்கே ஆழத்தில் ரத்தக்குழாய் குத்துப்பட்டால் வெளியே தெரியாமல் வீங்கும். நோயாளிக்கு விழுங்கக் கஷ்டமோ, நாக்கு மேலே எழும்புவதோ, குரல் மாறுவதோ தெரிந்தால் அது மூச்சுப்பாதையை அடைக்கப் போகும் வீக்கம்; உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கி வைத்திருப்பதால், எடுத்த உடனே குழி காய்ந்தது போலத் தெரியும். சில மணி நேரத்தில் அது தேய்ந்ததும் குழாய் விரிந்து கசியத் தொடங்கும். ஆகவே "இப்போ ரத்தமே வரலையே, தையல் எதுக்கு?" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பல்லை எடுத்த பின் குழியில் செய்ய வேண்டியது

சதையைக் கிழிக்காமல் எடுப்பதுதான் பாதி வேலை. ஈறை வட்டமாக விடுவித்து, எலிவேட்டரால் (பல்லை நெம்பும் கருவி) மெதுவாக விரித்து, பல வேருள்ள பல்லை வேண்டுமானால் வேர்களைப் பிரித்து எடுங்கள். கிழிந்த ஈறுதான் பிறகு நாள் முழுதும் கசியும்.

பல் வந்ததும் குழியின் அடியில் இருக்கும் சிவந்த, தளர்ந்த நோய்ச் சதையைச் சுரண்டி எடுங்கள். அதில் ரத்தக்குழாய்கள் நிறைந்திருக்கும். அதை விட்டுவிட்டு மேலே எத்தனை மருந்து வைத்தாலும் கீழிருந்து ரத்தம் வந்துகொண்டேயிருக்கும். சைனஸுக்கோ நரம்புக்கோ பக்கத்தில் மட்டும் கை லேசாக இருக்கட்டும். கூர்மையான எலும்பு முனைகளை மழுக்கிவிட்டு, குழியின் இரு சுவர்களையும் விரல்களுக்கு இடையே அழுத்துங்கள்.

அடுத்தது, உறைதல் பொருள். ஆக்ஸிஜனேற்றப்பட்ட செல்லுலோஸ் வலையைக் காய்ந்தபடியே, தளர்வாக வையுங்கள். இறுக்கித் திணித்தால் வீங்கி வலியைத் தரும். அது அமிலத்தன்மை உள்ளது என்பதால் கீழ்த்தாடை நரம்பு வெளியே தெரியும் குழியில் வைக்கக் கூடாது. ஜெலட்டின் ஸ்பாஞ்சாக இருந்தால் டிரானெக்ஸாமிக் கரைசலில் நனைத்து, காற்றைப் பிழிந்து வெளியேற்றிவிட்டு வைக்கலாம்.

பிறகு தையல். 3-0 அல்லது 4-0 கரையும் நூலில், 8 வடிவத்தில் குறுக்காகப் போடுங்கள். ஈறின் விளிம்பிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளி ஊசியைச் செலுத்துங்கள்; ரொம்ப ஓரத்தில் குத்தினால் இழுக்கும்போதே கிழியும். பட்டு நூலில் அழுக்குப் படியும், ஒரு வாரம் கழித்து அதைப் பிரிக்கும்போது மறுபடி ரத்தம் வரலாம்.

கடைசியாக காஸ். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பக்கத்துப் பற்கள் ஈறைவிட உயரமாக நிற்கும். அதன் மேல் மெல்லிய காஸை வைத்துக் கடிக்கச் சொன்னால், கடிக்கும் வேகம் முழுவதும் பக்கத்துப் பற்களுக்குப் போய்விடும், குழிக்கு ஒரு துளி அழுத்தமும் போகாது. காஸைத் தடிமனாக மடித்து, ஈரமாக்கி, குழியின் நேர் மேலே வைத்து, அது பற்களின் உயரத்துக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாயை மூடச் சொல்லுங்கள். காய்ந்த காஸ் கட்டியோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது அதையும் பெயர்த்து வரும். 20 முதல் 30 நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல் கடித்திருக்கட்டும். அதன் பிறகு வெளிச்சத்தில் நீங்களே குழியைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

டிரானெக்ஸாமிக் அமிலம்

குழியில் உருவான கட்டியை எச்சில் கரைக்காமல் தடுப்பது இதன் வேலை. 5 சதவீதக் கரைசல் வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நன்றாகப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலக்கினால் அந்த அளவு கிடைக்கும். 5 மில்லியில் 500 மில்லிகிராம் உள்ள ஊசி மருந்தாக இருந்தால், அதே அளவு தண்ணீரைச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலக்குங்கள்.

10 மில்லியை 2 நிமிடம் வாயில் வைத்திருந்து, பிறகு வெளியேற்ற வேண்டும். நாளைக்கு 4 தடவை, 2 நாள். கொப்பளிப்பு என்று பெயர் இருந்தாலும் கொப்பளிக்கக் கூடாது! தலையைச் சாய்த்து மருந்து குழியின் மேல் நிற்கும்படி அசையாமல் வைத்திருந்து, துப்பாமல் வாயைத் திறந்து வழியவிட வேண்டும். வார்ஃபரின் நோயாளிகளில் இதன் பயன் நன்றாகத் தெரிந்தது. புது மாத்திரைகளுக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை.

எழுதிக் கொடுக்கும் மருந்தே வில்லங்கமாகும்போது

வலிக்குப் பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். அவை தட்டணுக்களையும் தடுக்கும், குடலிலும் புண்ணாக்கும். வார்ஃபரின் சாப்பிடுபவர் பாராசிட்டமாலை நாளைக்கு 2 கிராமுக்கு மேல் பல நாள் எடுத்தால் ஐஎன்ஆர் ஏறக்கூடும்.

மெட்ரோனிடஸோல், ஃப்ளுகோனஸோல் இரண்டும் வார்ஃபரின் உடைவதைத் தடுத்து, ஐஎன்ஆரைச் சில நாட்களில் தூக்கிவிடும். வாயில் தடவும் மிகோனஸோல் ஜெல்லும் அப்படித்தான். மேலே தடவுவதுதானே என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அது உடலுக்குள் போகிறது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் வார்ஃபரினோடும் டாபிகாட்ரானோடும் மோதும். முகநரம்பு வலிக்கான கார்பமஸெபின் எதிர்த்திசையில், மாத்திரையின் பலனைக் குறைக்கும். ஆன்டிபயாடிக் தவிர்க்க முடியாமல் கொடுத்தால் 3 முதல் 5 நாளில் ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லுங்கள். பல் எடுத்த அன்று நன்றாக இருந்து, ஐந்தாம் நாள் ரத்தத்தோடு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது மருந்துச் சீட்டைத்தான்.

தசையில் போடும் ஊசி எதுவும் வேண்டாம்.

வீட்டில்

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, எச்சிலை உறிஞ்சித் துப்பக் கூடாது, சூடாக எதுவும் கூடாது, புகையும் மதுவும் கூடாது. மெல்லிய உணவை மறுபக்கத்தில் மெல்லட்டும். தலையணையை உயர்த்திப் படுக்கட்டும். எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. கொஞ்ச ரத்தம் எச்சிலில் கலந்து நிறையப் போலத் தெரியும். வாய் நிரம்பும் அளவுக்கு வந்தால் ஈரக் காஸை மடித்து 20 நிமிடம் கடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் உடனே அழைக்க வேண்டும். அழைக்க வேண்டிய எண்ணையும் கிளினிக் மூடிய பின் எங்கே போவது என்பதையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

ரத்தத்தோடு திரும்பி வந்தால்

குழியின் மேல் கருஞ்சிவப்பாக, ஜெல்லி போன்ற ஒரு கட்டி தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்தால் உறைந்தது போலிருக்கும், ஆனால் அதன் அடியிலிருந்துதான் கசிவு வரும். அதற்கு மேல் காஸ் வைத்து அழுத்துவது வீண். சக்‌ஷனால் முழுவதையும் எடுத்துவிட்டு, உப்புக் கரைசலால் கழுவி, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஈறின் விளிம்பிலிருந்து என்றால் அட்ரினலின் கலந்த ஊசியும் இறுக்கமான தையலும் கேட்கும். எலும்பிலிருந்து என்றால் புதிதாக உறைதல் பொருள் வைத்து மேலே தையுங்கள். ஒரு புள்ளியிலிருந்து பொங்கினால் எலும்பு மெழுகை அங்கே மட்டும் அழுத்தலாம். பிறகு டிரானெக்ஸாமிக்கில் நனைத்த காஸை 30 நிமிடம் கடிக்கட்டும். அந்த நேரத்தில் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் எடுத்து, வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆரும் பாருங்கள்.

இரண்டு முறை முயன்றும் நிற்கவில்லை, நாடி 100-க்கு மேல் ஓடுகிறது, அழுத்தம் இறங்குகிறது, முகம் வெளிறிவிட்டது என்றால் மேலும் தைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அழுத்தத்தைத் தொடர்ந்தபடி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வார்ஃபரினின் வேலையை முறியடிக்க அங்கே வைட்டமின் கே-யும் உறைதல் காரணிகளின் செறிவும் கொடுக்க முடியும். டாபிகாட்ரானுக்கு இடாருசிஸுமாப் என்ற முறிவு மருந்தை 5 கிராம் ரத்தக்குழாய் (சிரை) வழியாக ஏற்றுவார்கள். உலோக வால்வு உள்ளவருக்கு நீங்களே வைட்டமின் கே கொடுத்துவிடாதீர்கள். அளவு கூடினால் வார்ஃபரின் நாட்கணக்கில் வேலை செய்யாது, வால்வில் கட்டி பிடிக்கும்.

நோயாளியோடு போகும் கடிதத்தில் இவை இருக்கட்டும்: மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட நேரம், எதற்காகச் சாப்பிடுகிறார், ஐஎன்ஆர் அல்லது கிரியேட்டினின், எந்தப் பல் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, குழியில் என்ன வைத்துத் தைக்கப்பட்டது, உங்கள் கைபேசி எண். கடிதம் போவதற்கு முன்பே அவசரப் பிரிவை அழைத்துச் சொல்லிவிடுங்கள். டாபிகாட்ரான் என்ற பெயர் முன்கூட்டியே தெரிந்தால், நோயாளி போய்ச் சேரும்போது முறிவு மருந்து தயாராக இருக்கும்.